கடலில் ஒருவர் சொல். கரையில் எல்லார் கணக்கு

(மண்டபத்தூரில் கூடிய தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அமைப்பும் தலைமையும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். கடலில் இறங்கி நாளும் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்யும் மக்களிடம் வந்து தலைமையைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதைதான். எனினும், உங்களிடமிருந்தே ஒன்றை வாங்கி, அதனை நம் தமிழ் மன்றங்களுக்கும் கழகங்களுக்கும் கொண்டுசெல்லலாம் என்னும் எண்ணத்துடன் வந்திருக்கின்றேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகின்றேன். மருந்தைப் பின்னர்ப் பார்ப்போம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஊர்தோறும் தமிழ் மன்றங்கள் தோன்றுகின்றன. தொடக்க விழாவுக்குப் பந்தல் உண்டு, தோரணம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. மூன்றாம் ஆண்டில் போய்ப் பார்த்தால் பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கின்றது. ஏன் என்று உசாவினால், தலைவர் வெளியூர்க்குப் போய்விட்டார் என்பர்; அல்லது நோயுற்றார் என்பர்; அல்லது தலைவர்க்கும் பொருளர்க்கும் பிணக்கு என்பர். கரணியம் எதுவாயினும் முடிவு ஒன்றே. ஒருவர் போனார்; உடன் மன்றமும் போயிற்று.

அப்படியானால் அங்கே இருந்தது மன்றமா? இல்லை. ஒரு தனி மாந்தரும், அவரைச் சுற்றி ஒரு கூட்டமும் இருந்தன, அவ்வளவே! தலைவர் இருக்கும்போது நடக்கும் பணி தலைமையின் ஆற்றலுக்குப் பாதிச் சான்று. அவர் இல்லாதபோது நடக்கும் பணியே மறுபாதிச் சான்று. இந்த மறுபாதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகின்றேன்.

கடலும் கரையும்

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அலையடிக்கும் இடத்தைத் தாண்டிப் படகைச் செலுத்தும் அந்நேரத்தில் எத்தனை பேர் கட்டளையிடுகின்றனர்? ஒருவர்தாம். எந்த அலையை விடுவது, எந்த அலையில் ஏறுவது என்று அங்கே கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்க இயலாது. அப்பொழுது பட்டறிவு மிக்க ஒருவர் சொல்லுக்கு மற்றவர் கட்டுப்பட்டே ஆகவேண்டும். கட்டுப்படவில்லையேல் படகு கவிழும்.

ஆனால், படகு கரை சேர்ந்தபின் நடப்பது என்ன? மீன் எல்லார் கண்முன்னும் இறக்கப்படுகின்றது. எல்லார் காதிலும் விழும்படி விலை கூறப்படுகின்றது. எண்ணெய்ச் செலவு இவ்வளவு, படகுக்கும் வலைக்கும் பங்கு இவ்வளவு, உழைத்தவர் ஒவ்வொருவர்க்கும் பங்கு இவ்வளவு என்று பிரிக்கப்படுகின்றது. கடலில் கட்டளையிட்டவர், ‘என் சொல்லைக் கேட்டுத்தானே உயிரோடு வந்தீர்கள், கணக்கை ஏன் கேட்கின்றீர்கள்?’ என்று கரையில் கேட்பாராயின், மறுநாள் அவர் படகில் யார் ஏறுவர்?

கடலில் ஒருவர் சொல். கரையில் எல்லார் கணக்கு. தலைமை என்பதன் முழு இலக்கணமும் இந்த இரண்டனுள் அடங்கிவிடுகின்றது. நெருக்கடியில் தயங்காமல் முடிவெடுக்கும் துணிவும் வேண்டும். நெருக்கடி தீர்ந்தபின் எல்லார்முன்னும் கணக்குச் சொல்லும் பணிவும் வேண்டும். முன்னது மட்டும் உடையவர் அடக்கியாள்பவர் ஆகிவிடுவார். பின்னது மட்டும் உடையவர் எழுத்தராக இருக்கலாம், தலைவராக முடியாது.

நம் மன்றங்கள் கெடுவதன் கரணியம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ? கடலில் வேண்டிய கட்டுப்பாட்டைக் கரையிலும் கேட்கின்றோம். வினவியவனை இரண்டகன் என்கின்றோம். கணக்குக் கேட்டவனைக் கட்சி மாறியவன் என்கின்றோம். அதன் விளைவாக, அறிவுடையோர் ஒதுங்கிக்கொள்கின்றனர். ஆமாம் போடுவோர் எஞ்சுகின்றனர்.

வள்ளுவர் வைத்த வரிசை

தமிழர்க்குத் தலைமையைப் பற்றிய சிந்தனை பிறரிடமிருந்து வரவேண்டுவதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் 39ஆம் அதிகாரமாகிய இறைமாட்சி முதல் 63ஆம் அதிகாரம் வரை 25 அதிகாரங்களை வள்ளுவர் அரசியலுக்கு ஒதுக்கியிருக்கின்றார். அவற்றின் வரிசையைச் சற்றே பாருங்கள். இறைமாட்சியை அடுத்து உடனே வருவது படையா? இல்லை. கல்வி வருகின்றது; கல்லாமை வருகின்றது; கேள்வி வருகின்றது; அறிவுடைமை வருகின்றது. அவற்றை அடுத்துக் குற்றங்கடிதல். அதனை அடுத்துப் பெரியாரைத் துணைக்கோடல். பிறரை ஆராய்ந்து தேர்வதற்குத் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரம். தேர்ந்தவரிடம் வினையை ஒப்படைப்பதற்குத் தெரிந்துவினையாடல் என வேறோர் அதிகாரம். படைமாட்சியோ 77ஆம் அதிகாரமாகத்தான் வருகின்றது.

இவ்வரிசையே ஒரு பாடம். தலைவன் முதலில் கற்கவேண்டும், அடுத்துக் கேட்கவேண்டும், தன் குற்றத்தைத் தானே களையவேண்டும், தன்னை இடித்துரைக்க வல்லாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், தகுந்தவரைத் தேர்ந்து அவரிடம் வேலையை விட்டுவிடவேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் படையும் போரும். நாமோ படையிலிருந்து தொடங்குகின்றோம். கல்விக்கு வந்துசேர்வதே இல்லை.

கப்பல் போன கதை

கடலோரத்தில் நின்றுகொண்டு வ.உ. சிதம்பரனாரை நினையாமல் இருக்க முடியுமா? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் குழுமம் ஒன்றே கப்பலோட்டிக் கொழுத்துவந்த காலத்தில், 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் குழுமம் பதிவு செய்யப்பட்டது. பங்கு ஒன்று 25 உருபா, பங்குகள் 40,000, முதலீடு 10 இலக்கம் உருபா. குழுமத்தின் தலைவராக விளங்கியவர், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த வள்ளல் பாண்டித்துரையார். வ.உ.சி. ஏற்ற பொறுப்பின் பெயரோ உதவிச் செயலர்! ஆயினும், ஊர் ஊராகச் சென்று பங்கு திரட்டியவர் அவர். ‘கப்பலின்றி வரேன்’ என்னும் உறுதியுடன் பம்பாய்க்குப் போனவர் அவர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்தன. தலைமை என்பது இருக்கையின் பெயரில் இல்லை. சுமக்கும் தோளில் இருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வெள்ளையர் குழுமம் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. கட்டணமில்லாமலே ஏற்றிச்செல்லவும் முன்வந்தது. மக்கள் அசையவில்லை. ஆட்சியாளர் வேறு வழி கண்டனர். 1908 மார்ச்சுத் திங்களில் வ.உ.சி.யைச் சிறைப்படுத்தினர். அவ்வாண்டு சூலையில் இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தனர். அதன்பின் குழுமம் நொடிந்தது. 1911இல் முற்றிலும் கலைக்கப்பட்டது. குருதியை வியர்வையாக்கி வாங்கிய கப்பல், எந்தக் குழுமத்தை எதிர்த்து ஓடிற்றோ அதனிடமே விற்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 திசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவர் ஓட்டிய கப்பல் எதுவும் துறையில் இல்லை.

இதற்காக அப்பெருமகனைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. இரண்டே ஆண்டுகளில் ஓர் அமைப்பை வேரூன்றச் செய்ய எவராலும் இயலாது. பேரரசே எதிர்த்து நின்றபோது சொல்லவும் வேண்டுமோ? ஆனால், பாடம் பாடமே. எந்த ஒருவரை அகற்றினால் எல்லாம் சரியும் என்பதைப் பகைவர் அறிந்திருந்தனர். இரண்டாமவர், மூன்றாமவர் என்று தோள் கொடுப்போர் வரிசையாக நின்றிருந்தால், ஒருவரைச் சிறையிட்டு ஒரு கப்பலைக் கவர்ந்திருக்க முடியுமா? எண்ணிப் பாருங்கள்.

கரந்தை காட்டும் வழி

அதே 1911ஆம் ஆண்டில், கப்பல் குழுமம் கலைந்த அவ்வாண்டிலேயே, நம் காவிரிப் படுகையில் வேறோர் அமைப்புத் தோன்றியது. தஞ்சையை அடுத்த கரந்தட்டாங்குடியில் மே 14ஆம் நாள் தொடங்கப்பெற்ற கரந்தைத் தமிழ்ச் சங்கமே அது. தோற்றுவித்தவர் த.வே. இராதாகிருட்டினர். முதல் தலைவராக அமர்ந்தவர் அவர்தம் தமையனார், வழக்கறிஞர் த.வே. உமாமகேசுவரனார்.

தோற்றுவித்த இராதாகிருட்டினர் 1918இல் இளமையிலேயே மறைந்தார். துருப்பிடித்த பெயர்ப்பலகைகளின் கதைப்படி, சங்கம் அத்துடன் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. தமையனார் தம் துயரைத் தொண்டாக மாற்றினார். 1925இல் ‘தமிழ்ப்பொழில்’ என்னும் திங்களிதழ் தொடங்கியது. திருவையாற்றில் வடமொழிக்கென்றே நடந்துவந்த அரசர் கல்லூரியில் தமிழ்க்கல்விக்கும் இடம் பெற்றுத்தர, அந்நாளைய மாவட்டக் கழகத் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம் அவர்களுக்குத் தோள்கொடுத்து நின்றவர் உமாமகேசுவரனார். 1937இல் பள்ளிகளில் கட்டாய இந்தி அறிவிக்கப்பட்டபோது சங்கம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1938இல் கரந்தைப் புலவர் கல்லூரி எழுந்தது.

இவற்றுள் ஒவ்வொன்றும் எத்தகையது என்று நோக்குங்கள். இதழ் என்றால் திங்கள்தோறும் வெளிவந்தாகவேண்டும். அதற்கு எழுதுவோர், பிழை திருத்துவோர், கணக்கு வைப்போர் வேண்டும். கல்லூரி என்றால் ஆண்டுதோறும் மாணவர் சேரவேண்டும். ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுத்தாகவேண்டும். விழா ஒருநாளில் முடிந்துபோவது; இதழும் கல்லூரியும் ஒருநாளில் முடியா. ஆகவே அவை ஒருவரை நம்பி நடக்கவும் முடியா. உமாமகேசுவரனார் தமக்குப் புகழ் தேடித்தரும் வேலைகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. பலரைப் பழக்கித் தீரவேண்டிய வேலைகளைத் தேர்ந்தெடுத்தார். அவர் தலைமையின் கமுக்கம் இதுவே என்று நான் கருதுகின்றேன்.

30 ஆண்டுகள் தலைவராக இருந்து, 1941 மே 9ஆம் நாள், வடநாட்டுப் பயணத்தின்போது அவர் உயிர்நீத்தார். ஊரை விட்டு நெடுந்தொலைவில் தலைவர் மறைந்தார். சங்கம் என்ன ஆயிற்று? ஆறாண்டுகள் கழித்து, 1947 சூன் திங்களில், பழந்தமிழ் இசையின் ஆழத்தை அளந்து விபுலானந்த அடிகள் எழுதிய யாழ்நூலைத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றி வெளியிட்டது அதே கரந்தைத் தமிழ்ச் சங்கம்தான். அடுத்த திங்களிலேயே அடிகளார் மறைந்தார். அந்தச் சங்கம் அன்று உயிரோடிருந்திராவிடில், அந்நூலைக் கையில் ஏந்தும் பேறு அவர்க்கு வாய்த்திருக்குமா என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தம் கூட்டங்களில் பாடும் வழக்கத்தைத் தொடக்கக் காலத்திலேயே மேற்கொண்டவர் கரந்தையார். 1970இல் தமிழ்நாட்டரசு அதனை அரசு விழாக்களின் தொடக்கப் பாடலாக ஏற்றது. ஒரு சிற்றூர்ச் சங்கம் விடாது செய்த ஒரு வழக்கம், ஒரு நாட்டின் வழக்கமாகிவிட்டது! நூற்றாண்டு கடந்தும் கரந்தைச் சங்கம் இன்றும் நிற்கின்றது.

கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை

ஆட்களைப் பழக்கினால் மட்டும் போதுமா? போதாது. விதியும் வேண்டும், ஏனெனில் நல்லவரே எப்பொழுதும் வருவர் என்பதற்கு உறுதி இல்லை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடத்தில் ஓலையிட்டு வாரியத்தாரைத் தேர்ந்த முறையை அவை விரிவாகச் சொல்கின்றன.

அது பார்ப்பனர் ஊரவை. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அங்கு இடம், உழுதவனுக்கு இடமில்லை, பெண்டிர்க்கும் இடமில்லை. அதனை மக்களாட்சி என்று கொண்டாடுவோர் இதை மறைக்கலாகாது. எனினும் அங்கிருந்த இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ள நமக்குத் தடையில்லை. முன் மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் மீண்டும் நிற்க இயலாது என்பது ஒன்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது என்பது மற்றொன்று. பொறுப்பின் காலமோ 360 நாள், அதன்பின் இறங்கியாகவேண்டும்.

1,100 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த விதியை, இன்று நம் மன்றத்தின் தாளில் எழுதிவைக்க ஏன் கை நடுங்குகின்றது?

ஊரின் தலைமைக்கு வந்த தேர்வு

கல்வெட்டுக் காலத்தை விட்டுவிட்டு, உங்கள் நினைவில் உள்ள ஒன்றுக்கு வருவோம். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அரசின் துணை வந்துசேரும் முன்னரே, இக்கடற்கரை நெடுகிலும் உள்ள மீனவ ஊர்களில் எழுந்து நின்றவர் ஊர்ப் பஞ்சாயத்தார். யார் இறந்தார், யார் காணாமற் போனார், எந்த வீட்டில் எத்தனை பேர் எஞ்சினர் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. வந்த அரிசியும் துணியும் ஊர்ப்பொதுவில் சேர்ந்து, ஊரறியப் பங்கிடப்பட்டன. வலிந்து கொடுக்க வந்த பலரும் அப்பட்டியலைத்தான் கேட்டு வாங்கினர். அப்படி ஒரு பட்டியல் ஒரே நாளில் உருவாகுமா? ஊர்வரி, ஊர்க்கூட்டம், கோயில் விழா, கடற்பிணக்கைத் தீர்த்தல் என வழிவழியாகப் பழகிய அமைப்பு அன்று பயன்பட்டது. நெருக்கடி அமைப்பைப் படைப்பதில்லை. முன்பே உள்ள அமைப்பை வெளியே காட்டுகின்றது.

ஆனால், உண்மையை முழுதாகச் சொல்லவேண்டும். வரி செலுத்தும் ஆண்மகனைக் கொண்டே குடும்பத்தை எண்ணும் பழைய முறையால், கணவனை இழந்து தனித்து நின்ற பெண்டிரின் குடும்பங்கள் கடலோர ஊர்கள் பலவற்றில் பட்டியலின் ஓரத்தில் நின்றன. கரையில் மீன் வாங்கி, கூடை சுமந்து, தெருத்தெருவாக விற்று ஊர்ப் பொருளியலில் பாதியைத் தாங்குவோர் பெண்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்கள் எங்கே இருக்கின்றனர்? பட்டியலில் இல்லாதவரைத் தேடிக் கண்டு சேர்ப்பதே தலைமையின் முதற்கடன். பட்டியலில் உள்ளவரை எண்ணிக் கொடுக்க எழுத்தர் ஒருவரே போதும், தலைவர் எதற்கு?

‘எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வேலையும் நடவாது, கண்டிப்பான ஒருவர் இருந்தால்தான் நடக்கும்’ என்று சிலர் கூறுவர். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலையைத் தாண்டும்போது வேண்டும். ஆழிப்பேரலையின் மறுநாளும் வேண்டும். ஆனால் ஆண்டின் 365 நாளும் அலையைத் தாண்டிக்கொண்டே இருப்பதாக ஒரு தலைவர் சொல்வாராயின், அவர் கரைக்கு வர அஞ்சுகின்றார் என்று பொருள்.

செய்யவேண்டுவன

இனி, இவ்வூர் இளைஞர்கள் அமைக்க எண்ணியுள்ள மன்றத்துக்குச் சிலவற்றை முன்வைக்கின்றேன்.

முதலாவது, திங்கள்தோறும் வரவு செலவைப் பொருளர் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கட்டும். 10 உருபாவாக இருந்தாலும் படிக்கட்டும். கேட்டபின் கணக்குக் காட்டுவதில் ஐயம் பிறக்கும். கேளாமுன் காட்டுவதில் மதிப்புப் பிறக்கும்.

இரண்டாவது, எடுத்த முடிவுகளை ஏட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் அதனையே முதலில் படியுங்கள். செய்தது எது, செய்யாதது எது என்பது அப்பொழுதே வெளிப்பட்டுவிடும். உரக்கப் பேசியவர் யார், உழைத்தவர் யார் என்பதும் வெளிப்படும்.

மூன்றாவது, ஒவ்வொரு பொறுப்பாளர் அருகிலும் அப்பொறுப்பைப் பழகும் ஒருவர் இருக்கட்டும். தந்தை மகனுக்கு வலை முடையக் கற்பிப்பது தமக்கு அகவை முதிர்ந்த பின்னரன்று. கையில் வலுவிருக்கும்போதே கற்பிக்கின்றார். அதுபோலவே இதுவும்.

நான்காவது, பொறுப்புக்குக் கால எல்லை வையுங்கள். இறங்கியவர் விலகிப் போய்விடாமல், வழிகாட்டியாக முன்வரிசையில் அமரட்டும்.

ஐந்தாவது, தலைவர்மீது குறை இருப்பின் அதனைக் கூட்டத்தில் அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். தேநீர்க் கடையில் சொல்லாதீர்கள். தலைவரும் அதனைப் பொறுத்துக் கேட்கப் பழகட்டும். இடித்துரைப்போர் இல்லாத தலைவர்க்குப் பகைவர் தனியே வேண்டியதில்லை.

ஆறாவது, பெண்களைக் கேட்போர் வரிசையில் மட்டும் அமர்த்தாதீர்கள். செயலர், பொருளர் பொறுப்புகளில் அமர்த்துங்கள்.

ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, பழுது பார்த்து, வண்ணம் பூசி, வலையின் கிழிசல் தைக்கும் காலம் அது. அமைப்புக்கும் அப்படி ஒரு காலம் வேண்டும். விழாவும் ஊர்வலமும் நிறுத்திவைத்து, ‘எங்கே ஓட்டை? எது கிழிந்தது? யார் விலகிச் சென்றார்? ஏன் சென்றார்?’ என்று உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும் ஆண்டுக்கூட்டமே அது. விலகிச் சென்றவர் வீட்டுக்குத் தலைவரே நடந்துசென்று கேட்கவேண்டும். அந்த நடை, நூறு மேடைப்பேச்சைவிட வலியது.

தோழர்களே! தலைவரை நாம் வழிபட்டது போதும். தலைமையை வளர்க்கத் தொடங்குவோம். தலைவர்க்குச் சூட்டும் மாலை மறுநாள் வாடும். அவர் பழக்கிவிட்ட பத்துப்பேர், பத்து ஊர்களில் பத்து விளக்குகளாக நிற்பர். இம்மன்றத்தின் முதல் தலைவராக அமரப்போகின்றவர் இக்கூட்டத்தில் எங்கோ இருக்கின்றார். அவரிடம் என் வேண்டுகோள் ஒன்றே. பொறுப்பேற்கும் நாளிலேயே, உமக்குப் பின் அவ்விருக்கையில் அமர வல்லார் இருவரைத் தேடத் தொடங்குங்கள். அவர்கள் உம்மினும் சிறந்தவர்களாக வந்தால், அதுவே உம் தலைமையின் வெற்றி.